மலைப்பாதையும் மயக்கமும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் குடும்பங்கள் பலவற்றில் கொடைக்கானல் பயணத்தைப் பற்றிய பேச்சு எழும். சலேத் மாதா கோவிலைத் தரிசிக்க வேண்டும், ஏரிக்கரையில் உலாவ வேண்டும் என்று பிள்ளைகளும் பெரியோரும் ஆசையோடு திட்டமிடுவர். ஆயினும் வீட்டில் ஒருவரேனும், "நீங்கள் போய் வாருங்கள், எனக்கு மலைப்பாதை ஆகாது" என்று ஒதுங்கிவிடுவதுண்டு. பெரும்பாலும் அவர் பாட்டியாகவோ, வீட்டின் இளைய பிள்ளையாகவோ இருப்பார். சென்ற முறை பேருந்தில் பட்ட பாடும், அதைக் கண்டு பிறர் சிரித்த சிரிப்பும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அவரையும் மகிழ்ச்சியோடு உடன் அழைத்துச் செல்ல வழியுண்டா? உண்டு.

பழனி மலைத்தொடரின் அமைப்பை முதலில் நோக்குவோம். வத்தலக்குண்டு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்குள் நாம் இவ்வளவு உயரம் ஏறியாக வேண்டும். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் என்று பாதை மலையைச் சுற்றிச் சுற்றி மேலே செல்கிறது. இப்பாதையில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1916ஆம் ஆண்டளவில்தான். அதற்கு முன் வந்தவர்கள் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து கால்நடையாகவும், குதிரையிலும், டோலியிலும் மலையேறினர். வளைவுகளில் விரைந்து ஓடும் வண்டி வந்த பிறகே இத்தொல்லை இம்மலைக்குப் பெரிதாக வந்து சேர்ந்தது எனலாம்.

"மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை", "பித்தம் கூடிவிட்டது" என்று பலர் கூறுவர். இவை சரியான காரணங்கள் அல்ல. காற்றின் அடர்த்தி குறைவதால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். செவி அடைத்துக்கொள்வது வேறு செய்தி. எச்சிலை விழுங்கினாலோ, கொட்டாவி விட்டாலோ அது நீங்கிவிடும்.

உண்மைக் காரணம் உட்செவியில் இருக்கிறது. உடலின் சமநிலையைக் காக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் அங்கே உள்ளன. அவற்றில் நிறைந்துள்ள நீர், தலை திரும்பும்போதெல்லாம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வண்டி வளையும்போது செவி, "நான் சுழல்கிறேன்" என்று சொல்கிறது. கண்ணோ முன்னிருக்கையின் முதுகையோ, கையிலுள்ள கைப்பேசியையோ பார்த்துக்கொண்டு, "ஒன்றும் அசையவில்லை" என்று சொல்கிறது. இரு சாட்சிகள் மாறுபட்டுப் பேசினால் நீதிபதி குழம்புவது போல மூளை குழம்புகிறது. அதன் விளைவே வியர்வையும் குமட்டலும் வாந்தியும். உட்செவியின் இவ்வுறுப்பு முற்றிலும் செயலிழந்தவர்களுக்கு இம்மயக்கம் வருவதே இல்லை என்பது இதற்குத் தக்க சான்று.

ஆகவே இது மனவலிமைக் குறைவன்று. ஆங்கிலேயக் கடற்படையின் புகழ்பெற்ற தளபதி நெல்சனே கடற்பயணத்தில் வாந்தியால் வருந்தியவர். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய டார்வினும் அவ்வாறே வருந்தினார். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், ஒற்றைத் தலைவலி உடையோருக்கும் இது எளிதில் வரும். வாந்தி எடுத்த குழந்தையை அதட்டுவதும் அடிப்பதும் பெரும் அநீதி.

இனி, இருக்கையைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். கப்பலில் செல்வோர்க்குச் சொல்லப்படும் பழைய அறிவுரை, நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையைக் கொள்க என்பதாகும். கிணற்றடி ஏற்றத்தைப் பாருங்கள்: முனைகள் உயர்ந்து தாழும், நடுத்தண்டோ ஏறக்குறைய நிலையாக நிற்கும். கப்பலும் அப்படித்தான். பேருந்தில் பின் சக்கரத்திற்கும் அப்பால் நீண்டிருக்கும் கடைசி வரிசையே மிகுதியாகத் தூக்கி எறியப்படுவதும், வளைவில் அதிகம் வீசப்படுவதும் ஆகும். எனவே முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடைப்பட்ட பகுதியில், இயன்றவரை முன்னே, பாதை கண்ணில் படுமாறு அமர்வது நலம். பக்கவாட்டு இருக்கையும், பின்னோக்கிய இருக்கையும் வேண்டா. காரில் சென்றால் முன்னிருக்கையைப் பாட்டிக்குக் கொடுங்கள். சிறு பிள்ளைகளைப் பாதுகாப்பின் பொருட்டுப் பின்னிருக்கையிலேயே அமர்த்தி, முன்னே தெரியும் சாலையைப் பார்க்கச் செய்யுங்கள்.

வண்டி ஓட்டுபவருக்கு மயக்கம் வருவது அரிது. அடுத்த வளைவு எங்கே என்று அவர் முன்கூட்டியே அறிகிறார்; வளைவின் உட்பக்கமாகத் தம் தலையைச் சாய்க்கிறார். பயணிகளோ வெளிப்பக்கமாகச் சாய்கின்றனர். ஓட்டுநரைப் போலவே தலையைச் சாய்த்த பயணிகளுக்குத் தொல்லை குறைந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. செலவில்லாத மருந்து இது! தொலைவிலுள்ள மலைமுகட்டில் கண்ணை நிறுத்துவதும், அது இயலாதபோது கண்களை மூடித் தலையை இருக்கையில் நன்கு சாய்த்துக்கொள்வதும் உதவும். படிப்பதும், கைப்பேசி பார்ப்பதும் கூடவே கூடா.

வெறும் வயிற்றோடும் புறப்பட வேண்டாம்; பூரியும் வடையும் நிறைய உண்டும் புறப்பட வேண்டாம். இரண்டு இட்லி போதும். இஞ்சி சிலருக்குப் பயன் தரும். எலுமிச்சையின் மணம் ஆறுதல் அளிக்கலாம். ஆனால் மூடிய வண்டிக்குள் அடர்ந்த மல்லிகைச் சரமும் வாசனைத் தைலமும் குமட்டலைத் தூண்டும்.

மருந்து தேவைப்படுவோர் மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. புரோமெத்தசின் போன்ற மருந்துகள் உறக்கம் தருவன. ஆகையால் வண்டி ஓட்டுபவர் அவற்றை உண்ணலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. கருவுற்றோரும் முதியோரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் உண்ண வேண்டாம்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வாந்தி வரும்போது சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவது உயிருக்கே ஆபத்து. குறுகிய வளைவில் எதிரே வரும் பேருந்து ஒரு சாண் இடைவெளியில் கடந்து செல்லும். மடியில் ஒரு தாள் பையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளை மடித்து இடலாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழகத்தில் 2019 சனவரி முதல் தடை உள்ளது. மலைச்சரிவில் எதையும் வீசி எறிதல் தகாது. ஊத்திலோ பெருமாள்மலையிலோ வண்டியை நிறுத்தி, பத்து நிமிடம் நடந்து, சிறிது சிறிதாக நீர் பருகினால் பெரும்பாலோர் தேறிவிடுவர். பயணம் முடிந்து நெடுநேரமாகியும் வாந்தி நில்லாவிடில், அல்லது காய்ச்சலோ கடுந்தலைவலியோ சேர்ந்தால், அது வேறு நோயாகலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இவை யாவும் தெரிந்தும், ஒன்றைச் செய்ய மறந்தால் பயனில்லை. நல்ல இருக்கை ஒன்றுதான் இருக்குமாயின், அதில் யார் அமர்வது? சன்னலோரக் காட்சிக்காகப் போட்டியிடும் வலியவர்கள் எழுந்து, வருந்துபவருக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் ஒருமுறை தொல்லையின்றி மலையேறிவிட்டால், அடுத்த விடுமுறையில் "எனக்கு ஆகாது" என்று சொல்லி வீட்டில் தனித்திருக்க மாட்டார்.