ஃபெயில் ஆகுற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?

முதல்ல ஒரு கேள்வி. உங்களுக்கு ஒரு பாடம் புரியலன்னு காலேஜுக்கு எப்போ தெரியும்? இன்டர்னல் மார்க் வந்த பிறகு. இல்லன்னா அரியர் விழுந்த பிறகு. அதுக்கப்புறம்தான் "ஸ்லோ லேர்னர்ஸ்" லிஸ்ட்ல பேர் வரும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் போடுவாங்க. முதல் செமஸ்டர் கணக்குல எனக்கு இதுதான் நடந்தது. எனக்கு இடிச்சது பிளஸ் டூ இன்டெக்ரேஷன். ஸ்பெஷல் கிளாஸ்ல நடத்தினது அதே யூனிட், அதே வேகம்.

காலேஜ்ல இது ஒரு அரியர். திரும்ப எழுதி கிளியர் பண்ணிடலாம். இதுவே ஒண்ணாம் கிளாஸ்ல நடந்தா?

என் சித்தி பையன் ஸ்ரீவில்லிபுத்தூர்ல அரசுப் பள்ளியில் படிக்கிறான். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினப்போ அவன் ஒண்ணாவது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அப்போ அவன் மூணாவது. அந்த வாரம்தான் தீபாவளி. ராஜபாளையத்துல இருந்து சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வாசிக்கச் சொன்னேன். கடகடன்னு சொன்னான். சந்தேகம் வந்து, பக்கத்துல இருந்த படத்தைக் கையால மறைச்சேன். நின்னுட்டான். படத்தைப் பார்த்து மனப்பாடமாச் சொல்லியிருக்கான், எழுத்தே தெரியல.

சித்திக்கு மில்லுல ஷிப்ட் வேலை. "பள்ளிக்கூடம் தொறந்தாச்சுல்ல, இனி சரியாயிரும்"னு சொன்னாங்க. ஆனா தானா சரியாகாது. மூணாம் வகுப்புப் புத்தகம், படிக்கிறவனுக்கு வாசிக்கத் தெரியும்னு வச்சுத்தான் எழுதப்பட்டிருக்கு. வாசிக்கத் தெரியாதவனுக்கு கணக்கு, சூழ்நிலையியல் எல்லாமே மூடிய கதவு. ஒவ்வொரு வருஷமும் இடைவெளி கூடத்தான் செய்யும்.

இந்தப் பிரச்சினைக்கு ஒரு முறை இருக்கு. பெயர் 'ரெஸ்பான்ஸ் டு இன்டர்வென்ஷன்', சுருக்கமா ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லைங்க, இது வேற.) அமெரிக்காவில் முன்பு ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்குன்னு சொல்ல, ஐக்யூவுக்கும் மார்க்குக்கும் பெரிய இடைவெளி இருக்கணும்னு பார்ப்பாங்க. அந்த இடைவெளி வெளியே தெரியவே சில வருஷம் ஆகிவிடும். அதாவது பிள்ளை நல்லா விழுந்த பிறகுதான் கை கொடுப்பாங்க. 2004-ல் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தினப்போ வேறொரு வழிக்கும் இடம் கொடுத்தாங்க. முதலில் உதவி செய், அதுக்குக் குழந்தை எப்படி முன்னேறுதுன்னு பார், பிறகு முடிவு பண்ணு.

இதில் மூன்று அடுக்குகள் உண்டு.

முதல் அடுக்கு, வகுப்பில் உள்ள எல்லோருக்கும். ஒழுங்கான பாடம், கூடவே வருஷத்துக்கு மூணு தடவை சின்னச் சோதனை. ஒரு நிமிஷத்தில் எத்தனை சொற்களைச் சரியாக வாசிக்கிறான் என்பது மாதிரி. சுமார் 80 சதவீதம் பேருக்கு இதுவே போதும் என்பது தோராயக் கணக்கு.

இரண்டாம் அடுக்கு, பின்தங்கும் சுமார் 15 சதவீதம் பேருக்கு. நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழு. வாரத்தில் சில நாள், அரை மணி நேரம், எது தெரியலையோ அது மட்டும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தைக் குறித்து வைப்பார்கள்.

மூன்றாம் அடுக்கு, அதிலும் தேறாத சுமார் 5 சதவீதம் பேருக்கு. தினமும், கிட்டத்தட்டத் தனி ஆளாக. டிஸ்லெக்ஸியா மாதிரி ஏதாவது இருக்கான்னு நிபுணர் பார்ப்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். நம் நாட்டில் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஒரு குறைபாடாக அங்கீகரித்திருக்கிறது.

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஃபீட்பேக் லூப்னு புரிஞ்சிருக்கும். ஆண்டுத் தேர்வை மட்டும் நம்பினா வருஷத்துக்கு ஒரு சாம்பிள்தான் கிடைக்கும். அதை வச்சு எந்த சிஸ்டத்தையும் கண்ட்ரோல் பண்ண முடியாது.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்ல. பிரதம் அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும், 3, 4-ஆம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து, உள்ளூர் இளம்பெண்களை வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தது. 2001-க்குப் பிறகு அதை ஆய்வு செய்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இருந்தார்கள், 2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். பிள்ளைகளின் மதிப்பெண் தெளிவாகவே கூடியிருந்தது.

நம் மாநிலத்தில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. சித்தி தெருவுலயும் ஒரு அக்கா சாயங்காலம் வகுப்பு எடுத்தாங்க. பாய் விரிச்சு, எழுத்து அட்டைகளைப் பரப்பி வச்சு, மூணாவது படிக்கிறவனுக்கு 'அ'வில் இருந்து ஆரம்பிச்சாங்க. அவங்க செய்த பெரிய காரியமே அதுதான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளிடம் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரோமெரோ நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியானது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. 1 முதல் 3 வரை படிக்கும் குழந்தைகளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தார்கள். 2025-26-ல் 6 முதல் 9 வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் திறன் திட்டம். அதுவும் முதலில் சோதித்துப் பார்த்து, பிறகு தமிழ், ஆங்கிலம், கணிதத்தில் அடிப்படையைச் சொல்லித் தருவதுதான்.

அப்போ எல்லாம் சரியா? இல்ல. அமெரிக்க அரசுக்காகச் செய்து 2015-ல் வெளியான ஒரு பெரிய மதிப்பீட்டில், கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே இருந்து கூடுதல் உதவி பெற்ற ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள், சற்று மேலே இருந்தவர்களைவிட வாசிப்பில் கொஞ்சம் பின்தங்கியே இருந்தார்கள். குழுவில் போட்டால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளைக்கு எது தெரியலையோ அதைச் சொல்லிக் கொடுக்கணும், தெரிந்ததும் குழுவிலிருந்து வெளியே விடணும். வெளியே வர வழி இல்லாத அடுக்குக்கு நம்ம ஊர்ல பழைய பேர் ஒண்ணு இருக்கு: மக்கு பெஞ்ச். அரும்பில் இருப்பவன் மொட்டுக்குப் போகணும். போகலன்னா குழந்தையைத் திட்டாம, கொடுத்த உதவியை மாத்திப் பார்க்கணும்.

சித்தி பையன் இப்போ ஏழாவது. போன மாசம் பஸ் ஸ்டாண்டுல நின்னு, வந்த பஸ் போர்டை எல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டினான். வகுத்தல் மட்டும் இன்னும் தடுமாறுது. அதை யாராவது இப்பவே கவனிக்கணும், பத்தாவதுல இல்ல.

கடைசியா நம்ம விஷயம். முதலாம் ஆண்டு பசங்களுக்கு, கிளாஸ் தொடங்கின இரண்டாவது வாரத்துல பிளஸ் டூ கணக்குல பத்தே பத்து கேள்வி வச்சுப் பார்க்கலாம். மார்க் கிடையாது, நோட்டீஸ் போர்டுல பேர் கிடையாது. யாருக்கு எது இடிக்குதோ, அதை ஃபைனல் இயர் நாங்க நாலைந்து பேரா உட்கார வச்சு சாயங்காலம் சொல்லித் தர்றோம். புரிஞ்சவங்க அடுத்த வாரமே வராம இருக்கலாம். வர்ற செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட்ல இதை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். சேர நினைக்கிற ஃபைனல் இயர் மக்கள் என்னை கேன்டீன்ல பிடிங்க.