தோல் கறுத்த பிறகே சுவாஃபாயி

சுவாஃபாயி செய்ய நினைப்பவர் அடுப்பு மூட்டுவதற்கு முன் காத்திருக்கப் பழக வேண்டும். வாழைப்பழத்தின் தோல் முக்கால்வாசி கறுத்து, தொட்டாலே பழம் குழைய வேண்டும். அதற்குள் மாவுச்சத்து அநேகமாக முழுவதும் சர்க்கரையாகியிருக்கும். கடையில் யாரும் சீந்தாத அந்தப் பழம்தான் இதற்கு வேண்டும்.

பசிபிக் தீவு நாடான சமோவாவின் வீட்டுப் பண்டம் இது. பழம், ஜவ்வரிசி, தேங்காய்ப்பால் மூன்றும் சேர்ந்த இதை நம் பாயசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை எனலாம். சூடாகவும் குடிப்பார்கள், ஆறவைத்தும் சாப்பிடுவார்கள். தொட்டுக்கொள்ள வெண்ணெய் தடவிய ரொட்டி இருந்தால் காலை உணவும் முடிந்தது.

ஆறு பழங்களுக்கு நாலு கோப்பை தண்ணீர். துண்டுபோட்டுக் கொதிக்கவிட்டு, குழைந்ததும் கரண்டியால் மசிக்க வேண்டும். மிக்ஸி வேண்டாம்; அங்கங்கே ஒரு துண்டாவது நாக்கில் தட்டுப்பட வேண்டும். பிறகு அரைக் கோப்பை ஜவ்வரிசி. மணிகள் கண்ணாடியாகும்வரை கிளறிக்கொண்டே இருங்கள், அசந்தால் அடிப்பிடிக்கும். சர்க்கரை போடுவோர் உண்டு. பழம் சரியாகக் கனிந்திருந்தால் அது எதற்கு என்பது என் கட்சி.

தேங்காய்ப்பால் கடைசியில்தான். முற்றிய தேங்காயைத் துருவி, மரப்பட்டை நாரில் முறுக்கிப் பிழிந்த கெட்டிப்பால் அது. தீயைத் தணித்து, ஒரு சிட்டிகை உப்போடு ஊற்ற வேண்டும். தளதளவென்று கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். பிழிவது பெரும்பாலும் வீட்டு இளைஞர்களின் வேலை. ஞாயிறு காலை, தேவாலயத்துக்குப் போகும் முன்பே, சுடுகற்களில் வேகவைக்கும் ‘உமு’ அடுப்புக்காக எழுந்து தேங்காயோடு மல்லுக்கட்டுபவர்களும் அவர்களே.

சமோவாவில் மனிதர் குடியேறி ஏறத்தாழ 2,800 ஆண்டுகள் ஆகின்றன. முன்னோர்கள் படகில் கொண்டுவந்த பயிர்களில் வாழையும் ஒன்று. ஆனால், இன்று உலகச் சந்தையை ஆளும் கேவண்டிஷ் இனம் சமோவாவுக்கு வந்த வழி வேறு. இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் கண்ணாடிக்கூடத்தில் வளர்ந்த கன்றுகளை, 1830-களின் இறுதியில் ஜான் வில்லியம்ஸ் என்ற மதபோதகர் கப்பலில் எடுத்துவந்தார். இருபதாம் நூற்றாண்டில் நியூசிலாந்துக்குப் பழம் ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வாழை பெருகியது. ‘டோஃபுவா’ என்ற கப்பல் பழக்குலைகளோடு ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்த சமோவர்களையும் ஏற்றிச் சென்றது. 1966-இல் அடித்த புயலும் முடிக்கொத்து நோயும் அந்த வணிகத்தை முறித்துப்போட்டன.

ஆக்லாந்து வீடுகளில் தேங்காய்ப்பால் டின்னிலிருந்து வருகிறது. அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. மேலே கட்டியாக நிற்கும் பகுதியையும் சேர்த்து ஊற்றினால் ருசி கிட்டத்தட்ட நிற்கிறது. டின்னால் ஈடுகட்ட முடியாதது பழம்தான். அரைப்பழமாக வாங்கியிருந்தால் காகிதப் பையில் சுற்றி வைத்து நாலைந்து நாள் பொறுங்கள். செய்தது மிஞ்சிக் குளிர்ந்தால் களிபோல் இறுகும். மறுநாள் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.