பால் பத்தவில்லை என்று யார் சொன்னது?

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் இரவு பல வீட்டாருக்கும் ஒரே மாதிரிதான் கழிகிறது. குழந்தை அழுகிறது. மார்பில் போட்டால் கொஞ்ச நேரம் சப்பிவிட்டு மறுபடி அழுகிறது. தாய்க்குத் தையல் வலி, தூக்கமும் இல்லை. துணைக்கு இருக்கும் பெரியம்மாவோ மாமியாரோ மெல்லச் சொல்வார்: "இவளுக்குப் பால் பத்தல போலிருக்கே." அரை மணி நேரத்தில் வாசல் மருந்துக்கடையிலிருந்து பால்பவுடர் டப்பா வந்துவிடும். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கும். எல்லோருக்கும் நிம்மதி. தன் உடம்பில்தான் ஏதோ குறை என்ற எண்ணத்தோடு தாய் மட்டும் விழித்துக் கிடப்பாள்.

பெரும்பாலான தாய்மார்களின் உடம்பில் அப்படி ஒரு குறையும் இல்லை. இரண்டாம் நாளில் எவ்வளவு சுரக்க வேண்டுமோ அவ்வளவுதான் சுரக்கிறது. அந்த அறையில் யாராவது ஒருவர் இதை அவளிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், டப்பாவுக்கு வேலையே இருந்திருக்காது.

பிரசவப் பராமரிப்பில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 விழுக்காடுதான். ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை ஏறக்குறைய 55 விழுக்காடு. அகில இந்திய அளவில் இது 64. மருத்துவரும் செவிலியரும் பக்கத்திலேயே இருக்கும் ஒரு மாநிலத்தில் பத்தில் நான்கு குழந்தைகள் முதல் மணி நேரத்தைத் தவறவிடுகின்றன. இதைச் சாதாரணமாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

தாய்ப்பாலை யாரும் எதிர்க்கவில்லை. அது அமுதம் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். குளக்கரையில் அழுத சம்பந்தருக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததைச் சீர்காழியில் ஆண்டுதோறும் திருமுலைப்பால் விழாவாகவே கொண்டாடுகிறோம். பாலின் மேல் இவ்வளவு பக்தி வைத்திருக்கும் நாம், பால் கொடுக்கும் பெண்ணின் மேல் நம்பிக்கை வைப்பதில்லை. அவளுக்குப் போதுமான பால் இருக்கிறது என்பதை முதல் மூன்று நாள்கூட நம்மால் நம்ப முடிவதில்லை.

அந்த மூன்று நாளில் நடப்பது என்ன? நஞ்சுக்கொடி பிரிந்ததும் தாயின் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை பால் பெருகாமல் தடுத்துக்கொண்டிருந்தது அதுதான். தடை விலகிய பிறகு பால் பெருக்கெடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். அதுவரை வருவது சீம்பால். ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர்தான் வரும். பச்சிளம் குழந்தையின் இரைப்பைக்கும் அவ்வளவுதான் தேவை. மஞ்சளாய், கெட்டியாய் இருக்கும் அந்தச் சில துளிகளில் நோய்களை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஏ, பாக்டீரியாக்களுக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின், உயிருள்ள வெள்ளை அணுக்கள் எல்லாம் செறிந்திருக்கின்றன. பசு கன்று ஈன்றால் அதன் சீம்பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்து அவித்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறோம். பெண்ணின் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிய வீடுகளும் இதே ஊர்களில்தான் இருந்தன. அந்தப் பழக்கம் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேனோ சர்க்கரைத் தண்ணீரோ நாக்கில் தடவுவது இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். தெருவில் ஓட்டிவந்து கறந்து தரும் கழுதைப்பாலைப் பாலாடையில் புகட்டுவதும் அப்படித்தான். காய்ச்சாத பால் எந்தக் குழந்தைக்கும் ஆபத்து.

இரண்டாம் நாள் இரவின் அந்த அழுகைக்கு வருவோம். குழந்தை விடாமல் சப்பும்போது தாயின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரொலாக்டின் வெளிப்பட்டு, பாலை உண்டாக்கச் சொல்கிறது. இரவில் இதன் அளவு இன்னும் கூடுதல். மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்து ஊறும் பாலின் அளவும் அமைகிறது. வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு தானே குறையும். ஆக, அந்த ராத்திரிக் குழந்தை அரைகுறையாய்ச் சப்பிச் சப்பி அழுவது நாளைய பாலுக்கான ஏற்பாடு. அந்த நேரத்தில் டப்பாப் பாலால் வயிற்றை நிரப்பினால் குழந்தை தூங்கிவிடும். மார்புக்குப் போக வேண்டிய தூண்டல் போகாது. நான்காம் நாள் பால் உண்மையிலேயே குறைவாக இருக்கும். "அன்னிக்கே சொன்னேன்ல" என்று பெரியவர் சொல்வார். அவர் சொன்னது பலித்ததற்குக் காரணமும் அந்த டப்பாதான்.

பால் ஊறினால் மட்டும் போதாது, வெளியே வரவும் வேண்டும். அதற்கு ஆக்ஸிடோசின். மனநிலைக்கு இவ்வளவு எளிதில் வளைந்துகொடுக்கும் ஹார்மோன்கள் குறைவு. பக்கத்துக் கட்டிலில் வேறொரு குழந்தை அழுதாலே சிலருக்குப் பால் கசிந்து ரவிக்கை நனையும். பயமும் வலியும் கூச்சமும் அதையே தடுத்தும் விடும். 1948இல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் தம்பதி செய்த சோதனை இதற்குச் சான்று. பாலூட்டும் தாயின் காலைப் பனிநீரில் வைத்தும், கணக்குக் கேட்டுத் தொந்தரவு செய்தும், கால்விரலை இழுத்து வலிக்கச் செய்தும், குழந்தை குடித்த பாலை எடைபோட்டார்கள். தொந்தரவில்லாத நாளில் சராசரியாக 168 கிராம் குடித்த குழந்தை, தொந்தரவு நாளில் 99 கிராம்தான் குடித்தது. அதே தொந்தரவுக்கு நடுவே தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டபோது 153 கிராம் குடித்தது. பால் உள்ளேதான் இருந்தது, வெளியே வரவில்லை. குழந்தை பார்க்க வரும் கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்று "பால் வருதா, வருதா" என்று கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரும்.

தாய்க்குச் சரியான உதவி கிடைத்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு மிகப் பெரிய சான்று பெலாரஸ் நாட்டிலிருந்து வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கிராமர் தலைமையில் 1996-97இல் அங்கே 31 மருத்துவமனைகளில் 17,046 தாய்-சேய் இணைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. யார் தாய்ப்பால் கொடுப்பது, யார் கொடுக்கக் கூடாது என்று குலுக்கிப் பிரிப்பது அறமல்ல. அதனால் மருத்துவமனைகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதியில் ஊழியர்களுக்குப் பாலூட்டலுக்கு உதவப் பயிற்சி தரப்பட்டது. மறுபாதியில் வழக்கமான கவனிப்பு தொடர்ந்தது. இரு பக்கத்துத் தாய்மாரும் பாலூட்டத் தொடங்கியவர்களே. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் வழக்கமான மருத்துவமனைகளில் 6.4 விழுக்காடு, பயிற்சி பெற்ற மருத்துவமனைகளில் 43.3 விழுக்காடு. தாய்மார்களின் உடம்போ, பாசமோ, உறுதியோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது மட்டும்தான் வேறு.

இந்த ஆய்வு இன்னொரு நன்மையும் செய்தது. தாய்ப்பாலின் பெயரால் சொல்லப்படும் எல்லாவற்றையும் அது உரசிப் பார்த்தது. முதல் ஆண்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் 13.2 விழுக்காட்டிலிருந்து 9.1 ஆகக் குறைந்தன. தோல் கரப்பான் பாதியாயிற்று. ஆனால் இந்தக் குழந்தைகள் வளர்ந்தபின் பார்த்தபோது, உடல்பருமனோ ஆஸ்துமாவோ குறையவில்லை. தாய்ப்பால் குடித்தால் பிள்ளை குண்டாகாது, இழுப்பு வராது என்றெல்லாம் மிகைப்படுத்திச் சொல்லத் தேவையில்லை. உறுதியாகத் தெரிந்ததே போதுமான அளவு இருக்கிறது. பாலூட்டல் பரவலானால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 8,23,000 குழந்தைகளின் இறப்பைத் தவிர்க்கலாம் என்று 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஆய்வுத் தொடர் மதிப்பிட்டது. தாய்க்கும் பலன் உண்டு. மொத்தம் பன்னிரண்டு மாதம் பாலூட்டினால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு குறைகிறது என்று, 2002இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. நம் விளம்பரப் பலகைகள் குழந்தையைப் பற்றியே பேசுகின்றன, தாயின் இந்தப் பங்கைச் சொல்வதே இல்லை.

என்னை மிகவும் வியக்கவைப்பது பாலில் உள்ள ஒருவகைச் சர்க்கரைகள். ஒலிகோசாக்கரைடு என்று பெயர். லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் அதிகம் இருக்கும் திடப்பொருள் இதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். ஆனால் குழந்தையால் இவற்றைச் செரிக்கவே முடியாது. பெருங்குடல்வரை அப்படியே போய், அங்கே வாழும் பிஃபிடோ வகை பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அவை பெருகிக் குடலை அமிலத்தன்மை உடையதாக்கி, கெட்ட கிருமிகள் குடியேறவிடாமல் செய்கின்றன. குழந்தைக்கு மட்டுமல்லாமல், அதைக் காக்கப்போகும் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்துத்தான் ஒரு தாய் பாலூட்டுகிறாள்.

வெயில்காலத்தில் தண்ணீர் கொடுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் அதிகம். வேண்டாம். தாய்ப்பாலில் சுமார் 87 விழுக்காடு தண்ணீர்தான். இந்தியக் கோடையிலேயே நடந்த ஆய்வுகளும் ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்று காட்டியிருக்கின்றன. தாய்க்குத்தான் தாகமெடுக்கும்போதெல்லாம் தண்ணீர் வேண்டும். பத்தியம் என்ற பெயரில் அவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது கொடுமை. பூண்டும் பால் சுறாவும் முருங்கைக்கீரையும் தாராளமாகக் கொடுக்கலாம், நல்ல சாப்பாடு. பாலைக் கூட்டுவதில் அவற்றின் பங்கை ஆராய்ச்சி இன்னும் உறுதிசெய்யவில்லை. குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

பால் போதுமா என்று தெரிந்துகொள்ள அழுகையை நம்ப வேண்டாம், துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போனால் போதிய பால் கிடைக்கிறது. முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவது இயல்பு. குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சப்ப மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் மேல் வைக்கும் நம்பிக்கை இந்த அறிகுறிகளைப் பார்க்கவிடாமல் செய்துவிடக் கூடாது.

உண்மையிலேயே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள். மார்பில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், தைராய்டு கோளாறு உள்ளவர்கள், பிரசவத்தில் அதிக ரத்தம் இழந்தவர்கள். அவர்கள் டப்பாப் பால் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. அவர்களை யாரும் குற்றவாளிபோலப் பார்க்கக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு வேறொரு தாயின் பாலும் உயிர் காக்கும். மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். தானமளிப்பவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, உறையவைத்துச் சேமிக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இப்போது இத்தகைய வங்கிகள் உள்ளன.

டப்பாவை விற்கும் வணிகத்தின் கதை நீளமானது. 1939இலேயே சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 'பாலும் கொலையும்' என்ற பொருள்படும் தலைப்பில் ரோட்டரி சங்கத்தில் பேசி, தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலைக் குழந்தைகளுக்கு விற்பவர்களைக் கண்டித்தார். இந்தியா 1992இல் இதற்கென்று சட்டம் செய்து, 2003இல் இறுக்கியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான மாற்றுப்பாலுக்கும் புட்டிக்கும் எந்த விளம்பரமும் கூடாது; டப்பாவில் குழந்தையின் படம் கூடாது; மருத்துவர்களுக்குப் பரிசு கூடாது. உலக அளவில் மிகக் கடுமையான சட்டங்களுள் ஒன்று இது. இவ்வளவு இருந்தும், வார்டில் எழும் ஒரு சந்தேகமே விற்பனைக்குப் போதுமானதாக இருக்கிறது.

பொது இடத்தில் பாலூட்டுவதும் நம் கண்ணோட்டத்தைச் சார்ந்ததே. பேருந்தில் முந்தானைக்குள் பிள்ளையை அணைத்துப் பாலூட்டிய பெண்ணை ஒரு தலைமுறைக்கு முன்பு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2018இல் கேரளத்தின் 'கிருஹலட்சுமி' இதழ் பாலூட்டும் படத்தை அட்டையில் போட்டபோது வழக்கே தொடரப்பட்டது. அதில் ஆபாசம் ஏதும் இல்லை என்றது உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015இலிருந்து பாலூட்டும் அறைகள் உள்ளன. நல்ல ஏற்பாடு, திறந்தும் சுத்தமாகவும் இருந்தால். ஆனால் அறைக்குள் போனால்தான் பால் கொடுக்கலாம் என்று ஆகிவிடக் கூடாது. பேருந்து கிளம்பும் நேரத்தில் பசித்த குழந்தைக்கு இருக்கையிலேயே பால் கொடுக்கும் உரிமை தாய்க்கு வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வேலை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே எழுதிவைத்தது. 2017 திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்லி உலகச் சுகாதார நிறுவனம் கேட்கும் ஆறு மாதத்துக்கு இந்த 26 வாரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் சித்தாள் வேலைக்கும் விசைத்தறிக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்ணுக்கு இவற்றில் எதுவுமே எட்டுவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் அவள் திரும்பப் போயாக வேண்டும், குழந்தை பாட்டியிடம் புட்டிப்பாலுக்கு மாறும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால்தான் அது நான்கு மணி நேரம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத தகரக் கூரை வீட்டில் மே மாதத்தில் அதை எங்கே வைப்பது? அவளுக்கு வேண்டியது வேலையிடத்துக்குப் பக்கத்தில் நிழலான ஓர் அறை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், கூலி பிடிக்காத அரை மணி நேரம்.