கப்பல் பார்க்கப் போறீங்களா? முதல்ல ஆழத்தைக் கேளுங்க!

ஸ்கூபா கத்துக்கிட்டு, 'ஓப்பன் வாட்டர்' கார்டு கைக்கு வந்ததும் பசங்களுக்கு அடுத்த ஆசை வந்துடும். மீன் பார்த்தாச்சு, பவளப்பாறை பார்த்தாச்சு, அடுத்து..? மூழ்கிப்போன கப்பல்!

ஆசை நியாயமானதுதான். நம்ம கடலோரத்து மீனவர்கள் 'பார்'னு சொல்ற பாறைத் திட்டுல எப்படி மீன் கூடுமோ, அப்படித்தான் மூழ்கின கப்பலைச் சுத்தியும் கூடும். மீனோடு சேர்த்து ஒரு கதையும் கிடைக்கும். ஆனா, 'எந்தக் கப்பல் ஃபேமஸ்?'னு கேட்டு டிக்கெட் போடுறதுலதான் சிக்கல் ஆரம்பிக்குது. கேட்க வேண்டிய கேள்வி, 'எந்தக் கப்பல் எனக்குச் சரிப்படும்?'

மயிலாடி சிற்பக்கூடங்கள் பக்கம் போனா இது சட்டுனு புரியும். உளி பிடிக்க வந்த பையன் கையில முதல் வாரமே அம்மன் சிலையைக் கொடுத்து, 'கண்ணைத் திற'னு எந்த ஸ்தபதியாவது சொல்வாரா? கண் திறக்கறது கடைசி வேலை. கை தேறினவரோட வேலை. கடலுக்கும் அதே சட்டம்தான்.

வள்ளுவர் கணக்கு

கன்னியாகுமரியில 2000 ஜனவரி 1-ம் தேதி திறந்த வள்ளுவர் சிலையை எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்போம். பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133 அடி. அந்த உயரத்தை அப்படியே கடலுக்குள்ள ஆழமா நினைச்சுப் பாருங்க.

ஓப்பன் வாட்டர் கார்டுக்கு எல்லை 18 மீட்டர். அதாவது 59 அடி. பீடமும், அதுக்கு மேல வள்ளுவரோட முழங்கால் வரைக்கும்னு வெச்சுக்கலாம். அடுத்த படியான 'அட்வான்ஸ்டு' கார்டுக்கு 30 மீட்டர். பீடம் இல்லாம வள்ளுவர் மட்டும் நின்னா கிட்டத்தட்ட அவ்வளவு. பொழுதுபோக்கு டைவிங்குக்கே கடைசி எல்லை 40 மீட்டர். பீடத்தோட சேர்ந்த மொத்த வள்ளுவர்!

இப்ப ஹெர்மிஸ் கதைக்கு வருவோம். நமக்குப் பக்கத்துல கிடக்கிற கப்பல்கள்ல உலகப் புகழ் பெற்றது இதுதான். விமானந்தாங்கிக் கப்பலாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9-ம் தேதி, இலங்கையின் மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அப்போது ஹெர்மிஸில் சண்டை போட ஒரு விமானம்கூட இல்லை. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அது கிடக்கிற ஆழம் சுமார் 53 மீட்டர். வள்ளுவர் சிலைக்கு அடியில இன்னொரு பீடம் வெச்சாத்தான் அந்தக் கணக்கு வரும். அங்கே போகத் தனிப் பயிற்சி, தனி வாயுக் கலவை, மேலே வரும்போது படிப்படியா நின்னு வர்ற பொறுமைனு ஒரு பெரிய பட்டியலே இருக்கு. புதுசா கார்டு வாங்கினவரை 'சும்மா எட்டிப் பார்த்துட்டு வரலாம் வா'னு யாராவது கூப்பிட்டா, அவரை விட்டு விலகி நடந்துடுங்க. இன்னொண்ணு, அது இறந்தவர்களோட கல்லறையும்கூட. எந்தக் கப்பலா இருந்தாலும் ஒரு சின்ன ஆணியைக்கூட ஞாபகார்த்தமா எடுத்துட்டு வராதீங்க.

காத்தும் மண்டையும்

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு பயப்படணும்? கணக்கு சிம்பிள். 10 மீட்டர்ல அழுத்தம் தரையில இருக்கிறதைப் போல 2 மடங்கு. 30 மீட்டர்ல 4 மடங்கு. ஸோ, 10 மீட்டர்ல 60 நிமிஷம் வர்ற சிலிண்டர், 30 மீட்டர்ல 30 நிமிஷம்தான் வரும். புதுசா இறங்குறவங்க படபடப்புல வேகமா மூச்சு விடுவாங்க. அதுலயும் பாதி போயிடும்.

நேரத்துக்கும் எல்லை உண்டு. நடுவுல நிற்காம நேரா மேலே வரணும்னா, பரவலா பயன்படுற ஒரு டைவ் அட்டவணைப்படி 18 மீட்டர்ல 56 நிமிஷம் இருக்கலாம். 30 மீட்டர்ல வெறும் 20 நிமிஷம்! போதாக்குறைக்கு, 30 மீட்டரை ஒட்டிப் போனா நைட்ரஜன் மண்டைக்கு ஏறி, லேசா போதை ஏறின மாதிரி ஆயிடும். அந்த நேரத்துல எடுக்கிற முடிவு நம்ம முடிவா இருக்காது பாஸ்!

உள்ளே போகாதே!

ஆழத்தை விடப் பெரிய ஆபத்து, கப்பலோட கதவு. வெளியே இருக்கிற வரைக்கும், பிரச்னைன்னா மேலே வர வழி திறந்திருக்கும். உள்ளே நுழைஞ்சுட்டா தலைக்கு மேல இரும்புக்கூரை. துடுப்பை ஒரு தடவை வேகமா ஆட்டினா போதும், பல வருஷமா படிஞ்சு கிடக்கிற வண்டல் கிளம்பி, கையைக்கூடப் பார்க்க முடியாம பண்ணிடும். அறுந்துபோன வலை, தூண்டில் நரம்பு, துருப்பிடிச்ச கம்பினு மாட்டிக்க நூறு வழி. உள்ளே போறதுக்குன்னே தனிப் பயிற்சி, வழி தப்பாம இருக்கக் கயிறு, டார்ச், மாற்றுக் காற்று எல்லாம் இருக்கு. அதெல்லாம் இல்லாதவருக்கு வெளியே சுத்திப் பார்த்தாலே தாராளம். அழகு முக்கால்வாசி வெளியேதான் இருக்கு.

எங்கே ஆரம்பிக்கலாம்?

* கோவா, சூசீஸ் ரெக்: கிராண்ட் தீவுக்குப் பக்கத்துல கிடக்குது. ஆழம் 15 மீட்டருக்குள்ள. புதுசுக்குச் சரியான கப்பல். ஆனா கோவாவில தண்ணி பல நாள் கலங்கித்தான் இருக்கும். அக்டோபர் முதல் மே வரை சீஸன். முதல் நாள் தண்ணி எப்படினு விசாரிச்சுட்டு இறங்குங்க.

* பாலி, லிபர்ட்டி: 1942 ஜனவரியில ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கின அமெரிக்கச் சரக்குக் கப்பல். துலாம்பென் கரையில ஏத்தி விட்டிருந்தாங்க. 1963-ல அகுங் எரிமலை வெடிச்சப்ப கடலுக்குள்ள சரிஞ்சுடுச்சு. படகே வேண்டாம், கரையிலிருந்தே போகலாம். சுமார் 5 மீட்டர்ல தொடங்கி 30 மீட்டர் வரை சரிவா கிடக்கறதால, உங்க எல்லைக்குள்ளேயே நிறையப் பார்க்கலாம்.

* ஹிக்கடுவை, கோஞ்ச்: இலங்கையின் தென்மேற்குக் கரை. 1903-ல மூழ்கின எண்ணெய்க் கப்பல். அடிப்பாகம் 20 மீட்டரைத் தொடும். பத்துப் பதினஞ்சு டைவ் முடிச்சவங்க, 18-க்குக் கீழே இறங்காம, மேல்பாகத்தைப் பார்க்கலாம்.

* பாசிக்குடா, பிரிட்டிஷ் சார்ஜன்ட்: ஹெர்மிஸ் மூழ்கின அதே நாள்ல மூழ்கின எண்ணெய்க் கப்பல். ஆழம் சுமார் 24 மீட்டர். 'அட்வான்ஸ்டு' முடிச்சிட்டுப் போங்க. இங்கே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி.

டைவிங்குக்காகவே சுத்தம் பண்ணி மூழ்கடிக்கிற கப்பல்களும் உண்டு. கதவு, ஒயர் எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் இறக்குவாங்க. 2024-ல ஓய்வு பெற்ற நம்ம கடற்படையின் 'குல்தார்' கப்பலை இப்படி ஒரு திட்டத்துக்காகத்தான் மகாராஷ்டிராவுக்குக் கொடுத்தாங்க. ஆனா அங்கேயும் ஆழத்தைக் கேட்காம தலையாட்டாதீங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி...

டைவ் சென்டர்ல இந்தக் கேள்விகளைக் கேளுங்க. கப்பலோட மேல்பாகம் எத்தனை மீட்டர், அடிப்பாகம் எத்தனை? நீரோட்டம் எப்படி? தண்ணில எவ்வளவு தூரம் கண்ணு தெரியும்? ஒரு டைவ் மாஸ்டருக்கு எத்தனை பேர்? எவ்வளவு காத்து மிச்சம் இருக்கும்போது திரும்பணும்? படகுல ஆக்ஸிஜன் இருக்கா? நிதானமா பதில் சொன்னா நல்ல இடம். 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்'னா வேற இடம் பாருங்க.

கடைசியா டைவ் போய் ஆறு மாசத்துக்கு மேல ஆச்சா? கப்பலுக்கு முன்னாடி ஒரு சாதாரண டைவ் போட்டுக் கையைப் பழக்குங்க. சளி, காதடைப்பு இருந்தா இறங்காதீங்க. மேலே வரும்போது 5 மீட்டர்ல 3 நிமிஷம் நில்லுங்க. ஒண்ணுக்கு மேல டைவ் போட்டா, ஃப்ளைட் ஏறக் குறைஞ்சது 18 மணி நேரம் விடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைவ், ராத்திரி ஃப்ளைட்னு பிளான் போடுற காலேஜ் கோஷ்டி இதை அடிக்கோடு போட்டு வெச்சுக்கணும்.

டைவிங்ல ஒரு அருமையான சட்டம் உண்டு. யாரும், எப்ப வேணா, காரணமே சொல்லாம 'எனக்கு வேணாம்'னு டைவை நிறுத்தலாம். ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணுவாங்களேன்னு தயங்காதீங்க. கட்டின பணம் போகுதேன்னும் பார்க்காதீங்க. அடுத்த வருஷம் கூடுதல் பயிற்சியோட வந்து பார்த்துக்கலாம்.

கப்பல் எங்கேயும் ஓடிடாது. ஹெர்மிஸ் 1942-லேர்ந்து அங்கேயேதான் கிடக்குது!