தேய்மானமா? படுத்துவிடாதீர்கள்!

"டாக்டர், டிஸ்க் தேஞ்சு போச்சாம். இனிமே குனியவே கூடாதாம்!"

ஸ்கேன் கவரை மேஜையில் வைத்துவிட்டு, உட்காரக்கூடப் பயந்து நின்றார் அந்த அம்மாள். வயது 54. மூன்று மாதமாகக் கட்டிலும் பெல்ட்டுமாகவே இருந்திருக்கிறார்.

உங்கள் முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தை மாதிரி 23 வட்டுகள் இருக்கின்றன. இவைதான் டிஸ்க். இளவயதில் வட்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். வயதாக ஆக நீர் வற்றி வட்டு தட்டையாகும். அதிக பாரம் தாங்கும் இடுப்பின் கடைசி இரண்டு வட்டுகளில்தான் பெரும்பாலும் தேய்மானம் அதிகம். தலை நரைப்பது போலத்தான் இதுவும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஆய்வில், 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது! ஆகவே ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள்.

படுத்தே கிடந்தால் சரியாகுமா? ஆகாது. வட்டின் உள்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. உடம்பு அசைந்தால்தான் அது நன்றாக நடக்கும். படுத்துக் கிடந்தால் முதுகுத் தசைகளும் சேர்ந்து பலமிழக்கும்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: தேய்ந்த வட்டை வளர்க்கிற தைலமோ லேகியமோ கிடையாது. அப்படி விளம்பரம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தடவி, நொச்சி இலை ஒற்றடம் கொடுத்தால் தசை இறுக்கம் தளரும். வலி தணிந்த அந்த நேரத்தில் எழுந்து நடக்க வேண்டும், அதற்குத்தான் தைலம்! முதலில் காலை, மாலை பத்துப் பத்து நிமிஷம் போதும். குடத்தையோ சிலிண்டரையோ தூக்கியே ஆகவேண்டுமென்றால், முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது வேண்டவே வேண்டாம். சிகரெட்டும் டிஸ்க்குக்கு எதிரிதான்.

ஆனால், கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ என்னிடம் வராதீர்கள். அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூன்று நாள் தைலம் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார் ஒருவர். ஆபரேஷன் ஆகியும் சிறுநீர்க் கட்டுப்பாடு அவருக்கு முழுசாகத் திரும்பவில்லை. இன்றைக்கும் அது என் மனசை அறுக்கிறது.

அந்த அம்மாள்? ஆறு வாரம் கழித்து, பெல்ட் இல்லாமல் நடந்தே வந்தார். "வலி கொஞ்சம் இருக்கு டாக்டர். ஆனா வீட்டுச் சமையல் மறுபடி என் கையிலதான்!"