எலிப்பொறியால் ஓடும் சிறுதேர்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் குதிரை பூட்டாது உருட்டி விளையாடிய முக்காற் சிறுதேரைப் பட்டினப்பாலை கூறும். கோழியை விரட்ட மகளிர் எறிந்த காதணி அத்தேரின் வழியைத் தடுத்ததாம். அதனைக் கையால் உருட்டினர். கையும் படாமல் ஓடுந் தேரைச் செய்ய இயலுமோ என்று பௌதிக வகுப்பு நண்பர் எம்மை வினவினர். "புணர்ச்சி விதி படிப்போர்க்கு அச்சும் ஆணியும் எதற்கு?" என்று நகையாடவும் செய்தனர். தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய யாம் மூவரும், கல்லூரித் தாழ்வாரத்தில் பத்து மீட்டர் தூரம் தேரோட்டிக் காட்டுவதாகச் சூளுரைத்தோம். சூளுரைத்த பின்னரே அஃது எங்ஙனம் என்று சிந்திக்கலாயினோம்.

விடை விடுதிச் சமையற்கூடத்திற் கிடந்தது. மரப்பலகையிற் சுருள்வில் பொருத்திய எலிப்பொறியே அது. இவ்வகைப் பொறிக்கு 1894-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து வில்லியம் ஹூக்கர் என்பார். வில்லை எவ்வளவு வருத்துகிறோமோ அவ்வளவுக்கு அதன் எதிர்விசையும் மிகும் என்னும் விதியை 1678-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக். பெயர் ஒப்புமையால் இருவரையும் மயங்கற்க. பொறியின் கம்பியைப் பின்னே மடக்கும்போது நம் கை செய்த வேலை சுருளில் ஆற்றலாய் அடங்கி நிற்கும். விட்டவுடன் நொடியிற் பாயும். அப்பாய்ச்சலை மெல்ல மெல்லச் செலவிடச் செய்வதே தேர் செய்வோன் கடமை. இதனை யாம் உணருமுன் எம்முள் ஒருவர் விரல் இரண்டு நாள் வீங்கியிருந்தது. ஆகவே, வேலை செய்யும்போது கம்பியை நூலாற் கட்டி வைத்தல் நன்று.

பழைய பாடல் குறுந்தகடுகள் இரண்டு பின்சக்கரங்கள் ஆயின. முன்னே ஒரு சிறு சக்கரம். ஆக, எம் தேரும் முக்காலுடையதே. மிதிவண்டியின் ஆரக்கம்பி அச்சாயிற்று. குளிர்பானம் உறிஞ்சுங் குழலின் துண்டுகள் அச்சைத் தாங்கின. தகட்டின் நடுத்துளையை மருந்துக் குப்பியின் இரப்பர் மூடியால் அடைத்து, அதன் நடுவே அச்சைச் செருகினோம். நூலின் ஒரு முனையைப் பொறிக் கம்பியிற் கட்டி, மறுமுனையை அச்சிற் சுற்றினோம். கம்பி பாய்ந்தது, தேர் துள்ளிற்று, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழன்றன. நண்பர் சிரித்த சிரிப்பை ஈண்டு எழுதுதல் வேண்டா.

குறை இரண்டு. தகட்டின் விளிம்பு வழவழப்பானது. பலூனை வளையமாகக் கத்தரித்து அதன்மேற் போர்த்தியதும் தரையைப் பற்றிற்று. மற்றது கம்பியின் குறுமை. ஐந்து சென்டிமீட்டர்க் கம்பியோடு பழைய குடைக்கம்பி ஒன்றை இறுகக் கட்டி, இருபது சென்டிமீட்டர் நெம்புகோல் ஆக்கினோம். நீளம் நான்கு மடங்காயின், முனையில் இழுக்கும் விசை நான்கில் ஒரு பங்காகும். இழுக்குந் தூரமோ நான்கு மடங்காகும். ஆற்றல் கூடவுமில்லை, குறையவுமில்லை. மடக்கிய குடைக்கம்பியின் முனை பின்னச்சுக்கு நேர்மேலே வருமாறு பொறியை அமைத்தோம். அப்போதுதான் இழுப்பு நேராக விழும்.

இனிக் கணக்கு. குடைக்கம்பி அரைவட்டம் சுழன்றால் முனை நாற்பது சென்டிமீட்டர் விலகும். அவ்வளவு நூல் அச்சிலிருந்து அவிழும். அச்சின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர், தகட்டினது நூற்றிருபது. அச்சைச் சுற்றிய நூலைப்போல் அறுபது மடங்கு வழியைச் சக்கரம் கடக்கும். அஃதாவது இருபத்துநான்கு மீட்டர்! தாளில் இதனைக் கண்டு மகிழ்ந்தோம். தேரோ அசையவேயில்லை. தூரம் அறுபது மடங்காயின் தரையை உந்தும் விசை அறுபதில் ஒன்றாகுமன்றோ? உராய்வை வெல்ல அது போதவில்லை. அச்சின்மேல் காகித நாடாவைச் சுற்றி ஐந்து மில்லிமீட்டர் ஆக்கினோம். மடங்கு இருபத்துநான்காயிற்று, வழி ஒன்பது மீட்டர் அறுபது சென்டிமீட்டர். தேர் ஓடிற்று.

ஆயினும் பத்து மீட்டருக்கு நாற்பது சென்டிமீட்டர் குறைவு! அதற்கும் மேலாக, ஒன்பதரை மீட்டர் தாண்டியதும் தேர் திடீரென நின்று பின்வாங்கிற்று. நூலை அச்சில் முடிந்திருந்தோம். அது முற்றும் அவிழ்ந்தபின் எதிர்த்திசையிற் சுற்றிக்கொண்டு, ஓடுந் தேரையே பிடித்திழுத்தது. பட்டினப்பாலைத் தேருக்குக் காதணி தடையாயிற்று. எமக்கு எம் முடிச்சே தடை. முடிச்சை நீக்கி, நூல்முனையைக் கண்ணியாக்கி, அச்சிற் செருகிய சிறு முளையில் மாட்டினோம். நூல் தீர்ந்ததும் கண்ணி தானே கழன்றது. பின்னர்த் தேர் பெற்ற வேகத்தாலேயே ஓடிப் பதினொரு மீட்டரைக் கடந்து சுவரில் முட்டிற்று. நண்பர் அளவுநாடாவை இருமுறை பிடித்துப் பார்த்தனர்.

அன்றிரவே குடைக்கம்பியைப் பிரித்துப் பொறியைச் சமையற்காரரிடம் ஒப்படைத்தோம். மறுநாட் காலை அதில் வைத்த தேங்காய்த் துண்டைக் காணோம், எலியையும் காணோம். "வில்லைத் தளர்த்திவிட்டீர்களே, தம்பிகளா!" என்றார் அவர். ஹூக்கின் விதியை எடுத்துரைத்தோம், அவர் செவிசாய்க்கவில்லை. புதுப் பொறியின் விலையை மூவரும் பகிர்ந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டோம். பழைய பொறி இப்போது எம்மிடம் உளது.