பெருந்தரம்: சோழர் காலத்து மேல்நிலைச் சொல்

சோழர் கல்வெட்டுகளில் அரசு அலுவலரின் மேல்நிலையைக் குறிக்க வழங்கிய சொல் 'பெருந்தரம்' என்பதாகும். 'தரம்' என்றால் படி அல்லது தகுதி. ஆகவே உயர்படியினர் பெருந்தரமும் கீழ்ப்படியினர் சிறுதரமும் ஆயினர்.

முதலாம் ராஜராஜன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலில் செப்புத் திருமேனிகளை வழங்கிய ஈராயிரவன் பல்லவயன், மும்முடிசோழ போசன் என்ற பட்டத்தோடு, அம்மன்னனின் பெருந்தரம் என்றே கல்லில் குறிக்கப்படுகிறார். இங்கே ஊர், பெயர், பட்டம் ஆகியவற்றோடு நிலையும் ஒருவரின் அடையாளமாகி நிற்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஏனெனில் பெருந்தரம் என்பது சேனாபதி போன்று ஒரு குறிப்பிட்ட வேலையின் பெயரன்று, பல வேலைகளில் இருந்தோர்க்கும் பொதுவாய் அமைந்த தகுதிப் பெயராகும். மூவேந்தவேளான், பிரமராயன் முதலிய பட்டங்கள் மன்னன் அளித்த சிறப்புப் பெயர்கள். அவற்றைத் தரத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது.

பின்னாளில் பெருந்தரம் வழக்கொழிந்தது. ஆனால் அதன் வேரான 'தரம்' மறையவில்லை: நிலப் பதிவேடுகளில் அது மண்ணின் வளத்தைப் பிரித்துக் காட்டுகிறது, தமிழ்நாட்டார் 'ஐந்தாம் வகுப்பு' என்பதை இலங்கைப் பள்ளிகள் இன்றும் 'தரம் 5' என்றே எழுதுகின்றன.